மகடாமியா பூத்துக் கொட்டுகிறது, காய் நிற்கவில்லை

கேள்வி: அருமனை வாசகர், 9 பிப்ரவரி 2025

ஒகி புயலில் ரப்பர் சாய்ந்த இடத்தில் மகடாமியா என்கிற கொட்டைப் பருப்பு மரத்தின் ஒட்டுக்கன்று ஒன்று வைத்தேன். போன வருஷமும் இந்த வருஷமும் கிளை முழுக்க இளஞ்சிவப்புக் குலை தொங்குகிறது. போன வருஷம் ஒரு காய்கூடத் தேறவில்லை, எல்லாம் தரையில். பக்கத்து விளைக்காரர் "ஜாதிக்காய் மாதிரி இது ஆண் மரமா இருக்கும், வெட்டிப் போட்டுட்டு றம்புட்டான் வை" என்கிறார். மார்த்தாண்டத்தில் இருந்து ரெண்டு தேன்பெட்டி வாங்கி வைத்தால் சரியாகுமா?

9 பிப்ரவரி 2025, இரவு

வெட்ட வேண்டாம். ஜாதியில்தான் ஆண் மரம் பெண் மரம் என்று தனித்தனி. மகடாமியாவில் ஒவ்வொரு பூவிலும் நான்கு மகரந்தக் கேசரமும் ஒரு சூலகமும் சேர்ந்தே இருக்கும். பூக்கிற மரம் காய்க்கத் தகுதியுள்ள மரம்தான்.

பெட்டி விஷயத்தில் என் பதில்: ஒற்றை மரத்துக்குப் பெட்டி வைத்துப் பெரிய பிரயோசனம் இல்லை. வேறு ரக மரம் ஒன்று அதே சமயத்தில் பூக்க வேண்டும். காரணத்தை நாளை எழுதுகிறேன், கரண்ட் போய்ப் போய் வருகிறது.

10 பிப்ரவரி 2025

ஒரு குலையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு முதல் முந்நூறு வரை பூ இருக்கும், அத்தனையும் பொடிப் பூ. விரியாத மொட்டில் சூல்தண்டு வளைந்து வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும், அதன் நுனி மட்டும் மொட்டுக்குள் மாட்டியிருக்கும். அந்த நுனியைச் சுற்றித்தான் மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கின்றன. பூ விரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பைகள் வெடித்து, மகரந்தத்தை அந்த நுனியின் மேலேயே பூசிவிடும். பூ விரிந்து தண்டு நிமிரும்போது தன் சொந்த மகரந்தத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் வெளியே வருகிறது. ஆனால் அப்போது அந்த நுனி, அதாவது சூல்முடி, தயாராக இருக்காது. அது பக்குவப்பட இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் பழைய மகரந்தம் பாதி உதிர்ந்திருக்கும். மீதி இருப்பதும் சொந்த மகரந்தம் என்பதால் அதன் குழல் சூல்தண்டுக்குள் சரியாக இறங்காது. முழுத் தடை இல்லை, சில ரகம் தன் மகரந்தத்திலேயே கொஞ்சம் காய்க்கும். பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

ஆக, உங்கள் விளையில் எத்தனை தேனீ பறந்தாலும் அது தூக்கிக்கொண்டு அலைவது அதே மரத்து மகரந்தத்தை. ஒட்டுக்கன்றில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே தாய்மரத்தில் எடுத்த குச்சி என்றால் பத்து கன்று வைத்தாலும் மகரந்தக் கணக்கில் அது ஒரே மரம்.

இலையைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு கணுவில் மூன்று இலையா, நான்கா? ஓரத்தில் முள் உண்டா?

12 பிப்ரவரி 2025

நான்கு இலை, காம்பு கிட்டத்தட்ட இல்லை, ஓரமெல்லாம் குத்துகிறது, பூ இளஞ்சிவப்பு. அப்படியென்றால் மகடாமியாவில் டெட்ராஃபில்லா என்ற இனம், இல்லையென்றால் அதன் கலப்பு. குலசேகரம் பக்கம் என் விளையில் நிற்பது இன்டக்ரிஃபோலியா வகை: மூன்று இலை, வெள்ளைப் பூ. ரெண்டும் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மழைக்காட்டு மரங்கள், ஒன்றோடு ஒன்று நன்றாகவே சேரும். உலகம் முழுக்க விற்கிற பல ரகங்கள் இந்த ரெண்டின் கலப்புதான்.

அதாவது உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும், என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும். என் மரமும் இப்போது பூவில்தான் நிற்கிறது.

15 பிப்ரவரி 2025

திற்பரப்பில் இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார், அவர் வீட்டைச் சுற்றி ஏகப்பட்ட தேன்பெட்டி, ஆனால் மகடாமியா குலையில் ஒரு தேனீயைக்கூடக் காணவில்லை, என்ன மாயம் என்று.

மாயம் எதுவும் இல்லை, சுற்றிலும் ரப்பர். மார்கழியில் இலை கொட்டி, தையும் மாசியுமாகப் புதுத் தளிர் வருகிறது. ரப்பரில் தேன் ஊறுவது பூவில் இல்லை, இலைக்காம்பு முடிந்து மூன்று சிற்றிலை பிரிகிற இடத்தில் உள்ள சுரப்பிகளில். தளிர் முற்றுகிற நாட்களில் அது சொட்டச் சொட்ட ஊறும். மார்த்தாண்டம் தேன் என்று நாம் பெருமையாக விற்பதில் பெரும்பங்கு இந்த இலைத் தேன்தான். நம் ஊர் மகடாமியா பூப்பதும் சரியாக இதே நாட்களில். ஏக்கர் கணக்கில் இலவசச் சோறு விளம்பிக்கொண்டிருக்கும்போது எந்த ஈ இந்த ஒற்றை மரத்தைத் தேடி வரும்? ஆஸ்திரேலியாவில் பூக்கும் சமயம் தோட்டத்துக்குப் பெட்டியை வாடகைக்குக் கொண்டு வைக்கிறார்கள், பலனும் பார்க்கிறார்கள். அங்கே பக்கத்தில் ரப்பர் இல்லை.

17 பிப்ரவரி 2025

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டுத் தேன் வளர்க்கிற ஒரு அண்ணாச்சி திருத்தினார், நியாயமான திருத்தம். ரப்பர் இலையில் தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. புழு வளர்க்க ஈக்கு மகரந்தம் கட்டாயம் வேண்டும். ஆகவே பெட்டியில் புழு நிறைய இருந்தால் தேனுக்கு ரப்பருக்கும் மகரந்தத்துக்கு வேறு பூவுக்கும் போகத்தான் செய்யும். தென்னம்பாளை, தொட்டாவாடி, விளையோரச் செடி, அப்படியே மகடாமியாவும்.

இன்று காலை வெயில் ஏறியதும் குலை அடியில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், வருகிறது. ஆனால் அடுக்குத் தேனீ வந்த விதம் எனக்குத் திருப்தி இல்லை. பூவின் அடியில் பக்கவாட்டாகத் தலையை விட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போகிறது, சூல்முடிப் பக்கமே உடம்பு படுவதில்லை. சிறுதேனீ அப்படி இல்லை. அது மகரந்தத்துக்காகவே வருகிறது, தண்டின் நுனியில் ஏறி உட்கார்ந்து சுரண்டுகிறது. ஆஸ்திரேலியத் தோட்டங்களிலும் கொட்டாத சிறு தேனீயைத்தான் இந்த வேலைக்கு மெச்சுகிறார்கள். அங்கே அது வேறு இனம், நம்மது வேறு, ரெண்டும் பங்காளிகள். ஒரு கஷ்டம், அது சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. என் மரத்துக்கும் அருமனைக்கும் நடுவில் அது அஞ்சல் வேலை பார்க்கும் என்று நம்ப வேண்டாம்.

18 பிப்ரவரி 2025

பூவில் இருக்கும்போது எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். கேட்டவர்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

23 பிப்ரவரி 2025

அருமனை நண்பர் பைக்கில் வந்தார். புதிதாக விரிந்த இளஞ்சிவப்புக் குலைகளைக் கவரில் போட்டுக் கொண்டு வந்தார், போகும்போது என் வெள்ளைக் குலைகளைக் கொண்டு போனார். பார்த்த வீட்டுக்காரி "பொண்ணு மாத்தி எடுக்கிற சம்பந்தமா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான்.

செய்முறை கேட்டவர்களுக்கு. விரிந்து ஒருநாள் ஆன குலையாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் நுனியில் ஒட்டியிருக்கும் சொந்த மகரந்தத்தை வருடிக் களைய வேண்டும், அழுத்தினால் தண்டு ஒடியும். அப்புறம் வெளி மரத்துக் குலையை எடுத்து, அதன் நுனிகள் இதன் நுனிகளில் உரசும்படி மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். மறுநாளும் ஒருமுறை செய்வது நல்லது, ஒரே குலையில் எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் பக்குவமாவதில்லை. செய்த குலைக்குச் சிவப்பு நூல் கட்டினேன். பக்கத்திலேயே சில குலைகளுக்கு வெள்ளை நூல் மட்டும் கட்டிச் சும்மா விட்டிருக்கிறேன், ஒப்பிட வேண்டுமே.

9 மார்ச் 2025

ரெண்டு வாரம் ஆகிறது. நூல் நிறத்தை மறைத்துவிட்டுக் காட்டினால் எது எது என்று எனக்கே தெரியாது. ரெண்டிலும் பச்சைக் கடுகு போலப் பிஞ்சு. "இவ்வளவுதானா உங்க சம்பந்தம்" என்று ஒருவர் நக்கல் அடித்திருக்கிறார். பொறுங்கள் வேய், இப்போது தெரிவது எதையும் நம்பக் கூடாது.

20 மார்ச் 2025

கொட்ட ஆரம்பித்துவிட்டது. பயந்து போய் நாலைந்து பேர் படம் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

பூக்கிற அளவுக்குக் காய்க்கிற மரம் இல்லை இது. ஹவாய், ஆஸ்திரேலியக் கணக்குகளில் ஆயிரம் பூவுக்கு மூன்று நான்கு காய் முற்றி விழுந்தாலே சாதாரண விளைச்சல். பூ விரிந்த முதல் ரெண்டு வாரத்தில் கருக்கட்டாதது எல்லாம் போகும். அதற்குப் பிறகு, மூன்றாம் வாரத்தில் இருந்து எட்டு பத்து வாரம் வரைக்கும் கருக்கட்டிய பிஞ்சும் கொட்டும், நின்றதில் பத்தில் எட்டுக்கு மேல் அதில் போய்விடும். மரம் தன்னால் வளர்க்க முடிகிறதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. நம் கொல்லாமரமும் (முந்திரி) இதே வேலைதான் செய்கிறது, நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கழிப்பதை முழுதாக நிறுத்த முடியாது, கூடாமல் பார்த்துக்கொள்ள முடியும். மாசி, பங்குனி வெயிலில் தண்ணீர் தவறக் கூடாது. வேர் எல்லாம் மேலாகவே ஓடுகிறது, தென்னைக்கு விடுகிற மாதிரி எப்போதாவது வெள்ளமாக விடுவதை விடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட்டு மேலே சருகு மூடிவிடுவது மேல். இந்தச் சமயத்தில் தழைச்சத்து அள்ளிப் போட்டால் புதுத் தளிர் கிளம்பும், தளிரும் பிஞ்சும் ஒரே மாவுச்சத்துக்குச் சண்டை போடும், தோற்பது பிஞ்சு.

21 மார்ச் 2025

உரம் என்றதும் ஒருவர் சொல்கிறார், பிஞ்சு நிற்கட்டும் என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள காம்ப்ளக்ஸ் உரம் ரெண்டு கிலோ அடியில் போட்டாராம், கடைக்காரர் சொன்னாராம். இப்போது தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

மகடாமியா புரோட்டியேசி குடும்பம். மணிச்சத்து வறண்ட மண்ணில் பிழைக்கப் பழகிய சாதி. அதற்கென்றே குஞ்சம் குஞ்சமாக நெருக்கமான பொடி வேர்களை விட்டு, மண்ணில் ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதன் தலையில் மூட்டை உரத்தைக் கொட்டினால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். ரப்பருக்கும் வாழைக்கும் போட்டது மிச்சம் இருக்கிறது என்று இதற்குப் போடுவது நம் ஊரில் நடக்கிற வேலை. மக்கிய சாணமும் சருகும் போதும். இனி தண்ணீர் விட்டுக் காத்திருங்கள், உரம் போட்டு உரத்தை எடுக்க முடியாது.

6 ஏப்ரல் 2025

நாகர்கோவிலில் இருந்து ஒருவர்: "காய் நிற்காதது உங்கள் கவலை, எனக்குப் பூவே வருவதில்லை, மரம் கூரையைத் தாண்டிவிட்டது."

விதைக்கன்றா என்று முதலில் பாருங்கள். விதைக்கன்று ஏழு வருஷமும் எடுக்கும், பத்தும் தாண்டும். ஒட்டு என்றால் நான்கைந்து வருஷத்தில் வாய் திறக்க வேண்டும். ஒட்டுதான் என்றால் குற்றவாளி இரவுக் குளிர், அதாவது குளிர் இல்லாதது. இந்த மரம் பூமொட்டை உள்ளுக்குள் உருவாக்கத் தொடங்குவது பகல் சுருங்கி இரவு குளிர்கிற பருவத்தில். இரவு 12 முதல் 18 டிகிரிக்குள் சில வாரம் இருந்தால் அதற்கு இஷ்டம், 21 தாண்டினால் குலை குறைந்துகொண்டே போகும். மொட்டு உருவான பிறகும் உடனே வெளியே தெரியாது, ரெண்டு மூன்று மாதம் கணுவிலேயே உறங்கிவிட்டு அப்புறம்தான் நீளும். நாகர்கோவிலில் 21-க்குக் கீழே இறங்குகிற இரவை விரல் விடலாம். மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் கொஞ்சம் தேவலை. பாலமோர், மாறாமலை உயரத்துக்குப் போனால் இன்னும் நன்றாக இருக்கும். மேல்கோதையாறு குளிரைக் கண்டால் மரம் கும்பிடும், ஆனால் அங்கே நமக்கு நிலம் யார் தருவார்.

நம் பக்கம் பூத்தாலும் ஒரே மூச்சில் பூப்பதில்லை, தவணை முறையில் பூக்கிறது. ஹவாயிலும் சூடான இடங்களில் இப்படித்தான். இதில் ஒரு நன்மை உண்டு, ரெண்டு ரகத்தின் பூக்காலம் எங்காவது ஒரு வாரமாவது ஒன்றின் மேல் ஒன்று விழும்.

கவாத்து பற்றியும் கேட்டிருந்தார். வெளிச் சுற்றை மொட்டை அடித்துவிட்டுப் பூவை எதிர்பார்த்தால் ஏமாறுவோம் என்பது உண்மை இல்லை, குலை பெரும்பாலும் உள்பக்கத்து முற்றிய குச்சியில்தான் வருகிறது. உள்ளே வெளிச்சம் இறங்குகிற அளவுக்கு விலக்கிவிடுங்கள், உள்குச்சிகளை அழகுக்காகச் சுத்தம் செய்துவிடாதீர்கள்.

27 ஏப்ரல் 2025

நக்கல் அடித்தவர் எங்கே? இப்போது நூல் நிறத்தை மறைத்துக் காட்டினாலும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வெள்ளை நூல் குலைகள் பெரும்பாலும் வெறும் காம்பு, ஒன்றிரண்டில் ஒற்றைக் காய். சிவப்பு நூலில் கொத்தாக நிற்கிறது, கோலிக்குண்டு பருமனில். தொடக்கத்தில் சமமாகத் தெரிந்தது இந்தக் கொட்டல் காலத்தில்தான் பிரிந்தது. வேற்று மகரந்தத்தில் பிறந்ததை மரம் வைத்துக்கொள்கிறது, சொந்தத்தில் பிறந்ததைக் கழிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஒரே ரகத்தை வரிசை வரிசையாக நட்ட தோட்டங்களில், நடுவரிசையில் விளைந்த காய்களின் மரபணுவைச் சோதித்திருக்கிறார்கள். அங்கேயும் முற்றிய காய்களில் பெரும்பாலானவை தூரத்து வேறு ரகத்தின் பிள்ளைகள். இதைப் படித்தபோது நான் முழுதாக நம்பவில்லை. என் மரத்தடியில் நின்று பார்த்த பிறகு நம்புகிறேன். ஆனால் ஒரு மரம், ஒரு பருவம். இதை வைத்து நான் சட்டம் போட மாட்டேன்.

அருமனை மரத்தில்? அவரும் செய்தார், கோடைமழைக் காற்றில் நூல் கட்டிய கிளையே முறிந்துவிட்டது. மற்ற கிளைகளில் அங்கொன்று இங்கொன்று உண்டாம்.

11 மே 2025

விலகிப் போகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மாறாமலைப் பக்கம் கிராம்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன், "இந்தத் தலைவலி எதுவும் எங்களுக்குக் கிடையாது" என்கிறார். இருக்காதுதான், கிராம்பில் பூ விரிந்துவிட்டால் சரக்கு போச்சு, மொட்டிலேயே பறித்துவிடுகிறார்கள். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்பு முழுக்கக் கல்யாணம் ஆகாத மொட்டுதான். மகடாமியாக்காரன் பிழைப்பு நேர் எதிர்.

15 ஜூன் 2025

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டது. காய் இப்போது முழுப் பருமன் வந்துவிட்டது, இனி வெளியே பெரிதாக மாற்றம் தெரியாது. விழுந்த ஒன்றை வெட்டிப் பார்த்தேன், ஓடு இறுகிக்கொண்டிருக்கிறது, கத்திக்கு இன்னும் இடம் கொடுக்கிறது. வெளியே பச்சைத் தோல், அதற்குள் ஓடு. அந்த ஓடு பழத்தின் பாகம் இல்லை, விதையின் தோல். அதற்குள் இருக்கும் பருப்பு முளைக்க வேண்டிய விதையிலைகள் ரெண்டு. சூலகத்தில் ரெண்டு சூல் இருக்கும், வழக்கமாக ஒன்றுதான் வளரும். ரெண்டும் வளர்ந்துவிட்டால் உருண்டைக்குப் பதில் அரை அரையாக ரெண்டு கொட்டை கிடைக்கும்.

இனி மூன்று மாதம் எண்ணெய் ஏறுகிற காலம். இதில்தான் நம் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பகல் 25 டிகிரி பக்கம் இருந்தால் எண்ணெய் நன்றாக ஏறும், 35-ஐத் தொட்டால் அடிவாங்கும். சித்திரை வெயில் முடிந்து மழை மேகம் கட்டி நிற்கிற மாதங்களில் இந்த வேலை நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் இடங்களுக்கும், நம்மிலேயே ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்கும் இதைச் சொல்ல முடியாது. அங்கே காற்றே மரத்தைச் சாய்த்துவிடும். மேலோட்டமான வேர், ஆணிவேரை நம்ப வேண்டாம், குச்சி நட்டுக் கட்டுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

எலி. அந்த ஓட்டை உடைக்க எனக்குச் சுத்தியல் வேண்டும், அது பல்லாலேயே வட்டமாகத் துளை போட்டுப் பருப்பை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டை வைத்துவிட்டுப் போகிறது. தண்டைச் சுற்றித் தகரம் கட்டியாயிற்று. பக்கத்து ரப்பர் கிளை வழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

21 செப்டம்பர் 2025

விழத் தொடங்கிவிட்டது. பூ விரிந்ததில் இருந்து ஏறக்குறைய ஏழு மாதம், புத்தகக் கணக்குதான். பறிக்கக் கூடாது, தானாக விழுந்ததைப் பொறுக்க வேண்டும். கீழே மழையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடிக்கடி பொறுக்கி அன்றே பச்சைத் தோலை உரித்துவிடுங்கள். அருமனை மரம் பியூமான்ட் ரகமாக இருந்தால் வேறு கதை, அது முற்றினாலும் விழாமல் மரத்திலேயே தொங்கும், அடித்தோ பறித்தோதான் எடுக்க வேண்டும்.

உரித்த கொட்டையை நேர் வெயிலில் போட வேண்டாம். நிழலில் காற்றோட்டமாக வலைத்தட்டில் ரெண்டு வாரம், அப்புறம் மெல்லிய சூட்டில். பருப்பு ஓட்டோடு ஒட்டாமல் உள்ளே கடகடவென்று ஆடினால் உடைக்கலாம். நன்றாகக் காய்ந்த பருப்பைத் தண்ணீரில் போட்டால், எண்ணெய் 72 சதவீதத்துக்கு மேல் ஏறியது மிதக்கும், ஏறாதது மூழ்கும். தொழிற்சாலைத் தரம் பிரிப்பும் இதே அடிப்படைதான்.

நாய் வளர்ப்பவர்கள் கவனம். மனிதனுக்கு ஒன்றும் இல்லை, நாய்க்கு இது விஷம். பின்னங்கால் தளர்ந்து, நடுக்கம், வாந்தி என்று படுத்துவிடும். மரத்தடியில் கட்டிப் போடாதீர்கள்.

12 அக்டோபர் 2025

மிதக்கவிட்டுப் பார்த்தேன். சிவப்பு நூல் குலையில் விளைந்தது கிட்டத்தட்ட எல்லாம் மிதந்தது, பருப்பும் திரட்சியாக இருக்கிறது. வெள்ளை நூலில் கிடைத்ததே கொஞ்சம், அதை வைத்து எதுவும் சொல்வது நியாயம் இல்லை. அப்பன் மரத்தைப் பொறுத்துப் பருப்பின் எடை கூடும் குறையும் என்று ஆராய்ச்சிகளில் வந்திருப்பது வாஸ்தவம்.

பிப்ரவரியில் நான் "இன்னொரு மரம் வையுங்கள்" என்று எழுதினேன். இப்போது அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். பத்து சென்ட் வைத்திருப்பவர் இன்னொரு மரத்துக்கு எங்கே போவார், போனாலும் அது பூக்க ஐந்து வருஷம். இருக்கிற மரத்தில் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டுவது சீக்கிரம். சிறுதேனீ அந்த மரத்துக்குள்ளேயே மகரந்தத்தை மாற்றிவிடும், பைக்கில் கவர் கட்டிப் போக வேண்டாம். ஒட்டுக் குச்சியை வெட்டுவதற்கு ஆறேழு வாரம் முன்னால் அந்தக் கிளையில் பட்டையை மோதிரம் போல வட்டமாகச் சீவிவிட வேண்டும், மாவுச்சத்து மேலே தேங்கி ஒட்டு பிடிக்க உதவும். மகடாமியா மரம் கெட்டி, ஒட்டு லேசில் பிடிக்காது, இதைச் செய்யாமல் வெட்டினால் பாதிக்கு மேல் காய்ந்துவிடும்.

அருமனை நண்பரிடம் பேசிவிட்டேன். துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்ததும் அவர் மரத்தில் மோதிரம் போடுகிறோம், மகரம் (தை) பிறந்த பிறகு குச்சி. வெள்ளைப் பூ ரகம் வேண்டுபவர்கள் இப்போதே சொன்னால் என் மரத்திலும் எந்தக் கிளையைச் சீவுவது என்று முடிவு செய்யலாம். நாகர்கோவில்காரர் மட்டும் யோசித்துக் கேளுங்கள், அங்கே எதை ஒட்டினாலும் இரவு குளிர வேண்டும்.